நூறு பயறு

வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி கிடையாது. மரக்கறிப் பையோடு ஒரே மூச்சில் ஏறிவிடும் அம்மா, சென்ற மாசி மாதத்திலிருந்து இரண்டாம் மாடியில் நின்று நின்று வரத் தொடங்கினார். வலி என்று அவர் சொல்லவில்லை. "நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது, காஸ்ட்ரிக் போல" என்றார். முதலில் போன தனியார் மருத்துவமனையிலும் அதையே சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஓர் இ.சி.ஜி. கூட எடுக்கவில்லை. அம்மாவுக்கு 63 வயது. 14 ஆண்டுகளாக நீரிழிவு. அப்படிப்பட்டவருக்கு இதய நோய் களைப்பாகவும் மூச்சு வாங்கலாகவும் வரக்கூடும் என்று அன்று அங்கே ஒருவராவது நினைத்திருந்தால் எங்களுக்கு இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு அரச வைத்தியசாலை ஒன்றின் இதய நோய்க் கிளினிக், ட்ரெட்மில் சோதனை, இதய நாடிகளுக்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் அஞ்சியோகிராம். முடிவு: மூன்று பெரிய நாடிகளிலும் அடைப்பு. அவற்றில் இரண்டுக்கு இரத்தம் கொடுக்கும் இடது பிரதான நாடியில் அடைப்பில்லை; இதயம் இரத்தத்தை அனுப்பும் வலுவும் குறையவில்லை. இந்த இரண்டு நல்ல செய்திகளின் பெறுமதி எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

அடைத்த இடத்தை உள்ளிருந்து விரித்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டா, நெஞ்சைத் திறந்து வேறு இரத்தக்குழாயால் அடைப்பைச் சுற்றி மாற்று வழி போடும் பைபாஸா என்ற கேள்வி வந்ததும் வீடு இரண்டாகப் பிரிந்தது. ரொறன்ரோவிலிருந்து மாமா ஒவ்வொரு இரவும் அழைத்தார். "இந்தக் காலத்தில் யாராவது நெஞ்சைப் பிளப்பார்களா? ஸ்டென்ட் வைத்தால் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்." அம்மாவுக்கும் அதுதான் விருப்பம்.

வைத்தியர் பொறுமையானவர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து அவர் பேச, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். நீரிழிவும் பல நாடிகளில் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கென்றே செய்த ஃபிரீடம் என்ற ஆய்வைப் பற்றி அவர் விளக்கினார். 2012இல் வெளியானது. 1,900 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஸ்டென்டும் மறு பகுதியினருக்குப் பைபாஸும் செய்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் மரணம், மாரடைப்பு, பாரிசவாதம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பக்கத்தில் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கத்தில் 18.7 சதவீதம். மரணத்தை மட்டும் எடுத்தாலும் 16.3க்கு 10.9. பாரிசவாதம் மட்டும் மறுபுறமாக இருந்தது: ஸ்டென்ட் வைத்தவர்களில் 2.4, பைபாஸ் செய்தவர்களில் 5.2.

அந்தக் கடைசி வரியை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

காரணம் அம்மம்மா. யாழ்ப்பாணத்தில் பாரிசவாதத்தோடு ஏழு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததும், ஊட்டியதும், துடைத்ததும் அம்மாதான். "போனால் ஒரேயடியாகப் போய்விட வேண்டும், அப்படிக் கிடக்கக்கூடாது" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த எண்ணைக் கேட்டால் பைபாஸ் வேண்டாம் என்றுவிடுவார், உயிருக்கு நல்லதை இழந்துவிடுவோம் என்று பயந்தேன். மூன்று இரவுகள் தூக்கம் வரவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இடப்போவது அவர், உடலும் அவருடையது. எந்தத் துன்பத்துக்கு அவர் அதிகம் அஞ்சுகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பற்றிய எண்ணை ஒளித்திருந்தேன்.

நான்காம் நாள் காலை அம்மா குசினியில் சுளகில் பயறு பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். சதவீதம் என்பது அவருக்கு அவ்வளவு பிடிபடவில்லை. எனவே சுளகிலேயே நூறு பயறு எண்ணி ஒரு குவியல், இன்னொரு நூறு மறு குவியல் என்று வைத்தேன். ஸ்டென்ட் குவியலிலிருந்து இருபத்தேழை ஒதுக்கினேன், பைபாஸ் குவியலிலிருந்து பத்தொன்பதை. ஒதுக்கியவற்றுக்குள்ளேயே பாரிசவாதத்துக்கென்று இங்கே இரண்டையும் அங்கே ஐந்தையும் தனியே தள்ளினேன்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ஐந்தும் அந்தப் பத்தொன்பதுக்குள்தானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்படியென்றால் ஒன்றும் ஆகாமல் இருக்கிறவர்கள் இந்தப் பக்கம்தான் கூட." இன்னொன்றும் கேட்டார்: "பிள்ளை, இதில் பொம்பிளைகள் எத்தனை பேர்?" தேடிப் பார்த்தேன். 29 சதவீதம்தான். அம்மா கேட்டிராவிட்டால் நான் அதைக் கவனித்தே இருக்கமாட்டேன். நம் தாய்மாருக்கு உரிய விடையைப் பெரும்பாலும் ஆண்களைக் கொண்டே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

அடுத்த கிளினிக்கில் அம்மாவின் கேள்விகளைக் கேட்டேன். அந்த ஆய்வில் வைத்தவை பழைய தலைமுறை ஸ்டென்ட்கள், இப்போது வருபவை மேலானவை என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். ஆயினும் நீரிழிவும் மூன்று நாடி அடைப்பும் சேர்ந்த இடத்தில் தன் பரிந்துரை பைபாஸ்தான் என்றார். அடைப்புகளின் இடத்தையும் சிக்கலையும் வைத்துக் கணக்கிடும் சின்டாக்ஸ் புள்ளி அம்மாவுக்கு 29. 33ஐத் தொட்டால் உயர்ந்த பிரிவு. பாரிசவாதத்தில் கண்ட வேறுபாட்டில் பாதிக்கு மேல் முதல் 30 நாட்களுக்குள் நேர்ந்தது என்றும் சொல்லி, சத்திரசிகிச்சைக்கு முன் கழுத்து நாடிகளை ஸ்கேன் செய்ய எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் குறையொன்றும் இல்லை. அன்று மாலையே அம்மா மாமாவிடம் தானே பேசி முடிவைச் சொல்லிவிட்டார்.

திகதி கிடைக்க நான்கு மாதம் ஆனது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், காத்திருப்பு நீண்டது. அந்த நாட்களில் என்னைத் தாங்கியது 2020இல் வெளியான இஸ்கீமியா என்ற ஆய்வு. அம்மாவைப் போல, திடீர் மாரடைப்பாக இல்லாமல் ஒரே நிலையில் நிற்கும் இதய நோய் உள்ள 5,179 பேர் அதில் இருந்தார்கள். இடது பிரதான நாடியில் கணிசமான அடைப்புள்ளவர்களைச் சேர்க்கவில்லை. உடனே அஞ்சியோகிராம் செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்ததற்கும், முதலில் மருந்துகளோடு தொடங்கியதற்கும் இடையில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தும், மரணத்தில் வேறுபாடு தெரியவில்லை. பைபாஸ் தேவையில்லை என்பதல்ல இதன் பொருள். மருந்தைத் தவறாமல் எடுத்தபடி சில மாதம் காத்திருப்பது சூதாட்டம் அல்ல என்று வைத்தியர் விளக்கினார். ஓய்வாக இருக்கும்போது நெஞ்சு அடைத்தால் நாக்கின் அடியில் மாத்திரை. தணியாவிட்டால் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். அந்த எண்ணை அம்மா குளிர்சாதனப் பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டினார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. நெஞ்சு வெட்டைவிட, இரத்தக்குழாய் எடுத்த கால்தான் அவரை அதிகம் வருத்தியது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த தாதியை அம்மா இன்னும் நினைத்துக்கொள்கிறார். ஆறு வாரம் வீட்டுக்குள்ளேயே நடை, பிறகு படிக்கட்டு.

போன கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அம்மா கிளினிக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டார்: "இதைக் கூட்டினால் நூறு பேரில் எத்தனை பேருக்கு நல்லது, எத்தனை பேருக்குத் தசை வலி வரும்?" வைத்தியர் பேனையை மூடி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.