குறட்டை விடும் பிள்ளைக்கு எந்த வைத்தியம், எப்போது

நாலு வயதுப் பிள்ளை பெரியாள் மாதிரிக் குறட்டை விட்டால், "அசந்து நித்திரை கொள்ளுது, விடுங்கோ" என்று சொல்லும் அம்மம்மாமார் மட்டக்களப்பில் நிறையப் பேர். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு நித்திரை சரியாகக் கிடைப்பதில்லை. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினொய்ட் சதையும் தொண்டையின் இரு பக்கமும் உள்ள டொன்சில் சதையும் 2 முதல் 8 வயது வரை தொண்டையின் அளவுக்கு மிஞ்சிப் பெருத்திருக்கும். நித்திரையில் தசை தளர்ந்ததும் காற்றுப் போகும் வழி ஒடுங்கும், சிலருக்கு அடைபட்டே போகும். மூச்சு நின்று, ஒட்சிசன் இறங்கி, மூளை பிள்ளையை அரைகுறையாக எழுப்பிவிடும். இது இரவு முழுக்க நடந்தாலும் பெரியவர்களைப் போல அந்தப் பிள்ளை பகலில் தூங்கி வழிவது குறைவு. துடிதுடிப்பு, எரிச்சல், கவனமின்மை என்றுதான் வெளிப்படும். பள்ளிக்கூடத்தில் அதற்குக் குழப்படி என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

வாரத்தில் 3 இரவு அல்லது அதற்கு மேல் குறட்டை, இடையிடையே மூச்சு நின்று ஒரு திணறலோடு திரும்புவது, கழுத்தைப் பின்னால் வளைத்து வாயைத் திறந்தபடி படுப்பது, ஃபேன் ஓடும்போதும் தலை நனைய வேர்ப்பது, படுக்கையில் சிறுநீர் போவது நின்றுபோய் மறுபடி தொடங்குவது, காலையில் தலையிடி. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே டொக்டரிடம் காட்ட வேண்டும். போகும்போது இரண்டு சாமான் கொண்டுபோங்கள். ஒன்று, நிறை பதிந்த குழந்தை வளர்ச்சிப் பதிவேடு. இந்தப் பிரச்சினையில் சில பிள்ளைகளுக்கு நிறை ஏறாது. மற்றது, ஃபோனில் எடுத்த 2 நிமிட வீடியோ. சட்டையைக் கழற்றி, நெஞ்சும் முகமும் தெரிய, லைட் போட்டு, விடியப்புறம் 3 மணிக்குப் பிறகு எடுங்கள். கனவு வரும் நித்திரை அந்த நேரத்தில்தான் கூடுதல், மூச்சுத் தடையும் அப்போதுதான் மோசமாக இருக்கும். படுத்த உடனே எடுத்தால் ஒன்றும் பிடிபடாமல் போகலாம்.

தடையின் கடுமையை அளக்கச் சரியான வழி, இரவு முழுக்கச் செய்யும் நித்திரைப் பரிசோதனை. மணிக்கு 1 முதல் 5 தடவை தடை என்றால் இலேசு, 5 முதல் 10 நடுத்தரம், 10க்கு மேல் கடுமை. எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. அதனால் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பதும் உண்டு. அதில் 90 சதவீதத்துக்குக் கீழ் திரும்பத் திரும்ப இறங்கினால் நோயை நம்பலாம். இறங்காவிட்டால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இந்த இரண்டாவது விஷயம் பல பேருக்குச் சொல்லப்படுவதில்லை.

இலேசான தடைக்கு உடனே கத்தி வேண்டியதில்லை. 2023இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 6 கிழமை மூக்கில் வெறும் உப்புநீர் ஸ்ப்ரே அடித்ததும் ஸ்டெரொய்ட் ஸ்ப்ரே அடித்ததும் ஏறத்தாழ ஒரே பலனைக் கொடுத்தன. இரண்டிலும் பத்தில் நாலு பிள்ளைகளுக்கு அறிகுறி தீர்ந்தது. ஆகவே உப்புநீரில் தொடங்கலாம். டொக்டர் மொமெட்டசோன் போன்ற ஸ்டெரொய்ட் ஸ்ப்ரே தந்தால், 2 முதல் 11 வயதுக்கு வழக்கமான அளவு ஒவ்வொரு மூக்கிலும் நாளுக்கு ஒரு தடவை.

ஸ்ப்ரே "வேலை செய்யேல்ல" என்று வருகிறவர்களில் பலர் அடிக்கும் விதத்தில்தான் பிழை விடுகிறார்கள். முதலில் உப்புநீரால் சளியை அகற்றி 10 நிமிடம் விடுங்கள். பிள்ளை தலையைச் சற்று முன்னே குனிய வேண்டும். முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கக் காதை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் மூக்கால் இரத்தம் வரும், வீட்டார் பயந்து நிறுத்திவிடுவார்கள். தலையை அண்ணாந்தோ பலமாக உறிஞ்சியோ எடுத்தால் மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும். ஒரு கிழமையில் பலன் தேடக்கூடாது, 6 கிழமை விடாமல் அடியுங்கள். கடையில் வாங்கும் மூக்கடைப்புத் துளிகள் வேறு சாதி. அவற்றை 5 நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு இன்னும் கூடும். அழற்சியைக் குறைக்கும் மொண்டிலுகாஸ்ட் குளிசையும் சிலருக்குக் கொடுப்பார்கள். அதில் மனநிலை மாற்றம், கெட்ட கனவு வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடும் எச்சரிக்கை போட்டது. பிள்ளையின் போக்கு மாறினால் டொக்டரிடம் உடனே சொல்லுங்கள். நுளம்புச் சுருள், சாம்பிராணி, விறகடுப்பு, அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் புகை, சிகரெட் எல்லாம் அடைப்பைக் கூட்டுகிறவை. பிள்ளை படுக்கும் அறையில் சுருள் வேண்டாம், வலை போடுங்கள்.

தடை நடுத்தரம் அல்லது கடுமை, டொன்சிலும் பெரிது என்றால் அடினொய்டையும் டொன்சிலையும் எடுப்பதே முதல் வைத்தியம். 2013இல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளை வைத்து வெளிவந்த ஆய்வில், ஒபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதத்துக்கு 7 மாதத்தில் நித்திரைப் பரிசோதனை சீரானது. செய்யாமல் பார்த்திருந்தவர்களிலும் 46 சதவீதத்துக்குச் சீரானது. ஆனால் ஒட்சிசன் கடுமையாக இறங்கும் பிள்ளைகள் அந்த ஆய்வில் இல்லை. அப்படியான பிள்ளைக்கு "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருப்பது ஆபத்து.

ஒபரேஷனுக்கு முன் ஆடும் பல், அண்மையில் வந்த தடிமல், குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் எல்லாவற்றையும் மயக்க மருந்து டொக்டரிடம் சொல்ல வேண்டும். 3 வயதுக்குக் குறைந்தவரும் தடை கடுமையானவரும் அன்றிரவு வாட்டில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

அதிகம் பிழை நடப்பது வீட்டுக்கு வந்த பின் உள்ள இரண்டு கிழமையில்தான். நோவு பயந்து பிள்ளை விழுங்காது, விழுங்காவிட்டால் தொண்டை காய்ந்து நோவு இன்னும் கூடும், உடம்பில் நீரும் வற்றும். இதற்குக் காரணம் பெரும்பாலும் பரசிற்றமோல் குறைவாகக் கொடுப்பதே. கரண்டிக் கணக்கு வேண்டாம், நிறைக் கணக்குப் பாருங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் இல்லை. 15 கிலோ பிள்ளைக்கு 225 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணி மருந்து என்றால் ஏறத்தாழ 9 மில்லி. முதல் சில நாள் நோவு வருமுன்பே நேரம் பார்த்துக் கொடுங்கள், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்றால் நல்லது. ஐபுப்ரோஃபெனை டொக்டர் எழுதினால் மட்டும் கொடுங்கள். இடையில் காய்ச்சல் வந்தால் அதை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள், இது டெங்கு உள்ள ஊர், டெங்கு என்றால் ஐபுப்ரோஃபென் இரத்தக் கசிவைக் கூட்டும். கோடெயின் என்ற நோவு மருந்து 12 வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம். சில பிள்ளைகளின் ஈரல் அதை மிக வேகமாக மோர்ஃபினாக மாற்றி மூச்சை நிறுத்திவிடும்.

கஞ்சி, குழைந்த சோறு, எருமைத் தயிர், இளநீர், ஐஸ் பழம் எல்லாம் கொடுக்கலாம். குளிர் ஆகாது என்று உம்மாமாரும் அம்மாமாரும் மறிப்பார்கள், இந்த நேரத்தில் குளிர் நல்லது. முறுக்கும் பப்படமும் பொரியலும் வேண்டாம். சிவப்பு நிறக் குளிர்பானமும் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா சாயமா என்று தெரியாது. தொண்டையில் வெள்ளைப் படலம், வாய் நாற்றம், காது நோவு எல்லாம் வழமையானவை. 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் அந்தப் படலம் கழலும்போது நோவு ஒருமுறை கூடும், இரத்தம் கசியக்கூடிய நேரமும் அதுவே. நித்திரையில் பிள்ளை அடிக்கடி விழுங்கிக்கொண்டிருந்தால் எழுப்பி வாயைப் பாருங்கள். சிவப்பு இரத்தம் கண்டால், சிறிதென்றாலும், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். படுவான்கரை, வாகரை, பொத்துவில் போன்ற, பெரிய வைத்தியசாலைக்குத் தூரமான பக்கத்தார் அந்த இரண்டு கிழமையும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குவதே என் கருத்தில் பாதுகாப்பு.

ஒபரேஷன் முடிந்து 6 முதல் 8 கிழமையில் மறுபடி ஒரு வீடியோ எடுங்கள். உடல் பருத்த பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, தாடை சிறுத்த பிள்ளை ஆகியோருக்குத் தடை மிஞ்சி நிற்பது அடிக்கடி நடக்கும். டவுன் சிண்ட்ரோம் என்றால் குறட்டை இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் நித்திரைப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள். மிஞ்சிய தடைக்கு நிறையைக் குறைப்பது, அண்ணம் ஒடுங்கியிருந்தால் பல் வைத்தியர் அதை அகலமாக்கும் கருவி, அதுவும் போதாவிட்டால் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சீபாப் இயந்திரம்.

சீபாப் தோற்பது பெரும்பாலும் முகமூடியால். கண்ணுக்குள் காற்றுக் கசிந்தால் அளவு பிழை. பிள்ளை வளர வளர முகமூடியையும் மாற்ற வேண்டும். முதலில் பகலில், இயந்திரத்தைப் போடாமல், விளையாட்டாக மாட்டிப் பழக்குங்கள். ஈரப்பதத் தொட்டியில் கொதித்தாறிய நீரை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள், வடிகட்டியைக் கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள். ஒரே முகமூடி வருடக்கணக்கில் அழுத்தினால் நடுமுகம் தட்டையாகலாம் என்பதால், கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் முகமூடியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.