20-ஆம் தேதிக்குள்

மார்ச் 2, திங்கள்

20-ஆம் தேதிக்குள் தம்பியோடு இந்தக் கேமை முடித்துவிட வேண்டும். ஆனால் மறுபடியும். ஆடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் திரை அப்படியே நின்றுவிட்டது. ஹெட்செட்டில் தம்பி சொல்லிக்கொண்டிருந்த சொல்லின் கடைசித் துண்டு மட்டும் "ணா ணா ணா ணா" என்று காதை அறுத்தது. ஒலி பஃபருக்குப் புதிதாக எதுவும் வராததால் இருப்பதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. காரணம் தெரிந்தும் கேட்கச் சகிக்கவில்லை. கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். விளக்கு மாறினால் கேம் மட்டும் போயிருக்கிறது, விண்டோஸ் உள்ளே எங்கேயோ உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாறவில்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் வழக்கமான கெர்னல்-பவர் 41. முறையாக ஷட்டவுன் ஆகாமல் ரீபூட் ஆகியிருக்கிறதாம். அணைத்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா? பிழை எண்ணான பக்செக்கோட் 0. கிராஷ் விவரம் சேரும் மினிடம்ப் ஃபோல்டர் காலி. நீலத் திரை போடக்கூட அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

இன்று வரவில்லை.

மார்ச் 4, புதன்

யாரைக் கேட்டாலும் முதலில் சூடு என்கிறார்கள். சூடு, மின்னழுத்தமெல்லாம் அளக்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவை லாக் (பதிவு) எழுத விட்டுவிட்டு ஆடினேன். பிராசசர் 74 டிகிரி, கிராஃபிக்ஸ் கார்டு 68, அதன் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட் 81. இதெல்லாம் ஒரு சூடா? அடுத்து டிரைவர் என்பார்கள். சேஃப் மோடுக்குப் போய், டிரைவரை நீக்கும் டிடியூ வைத்துப் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். நன்றாக ஓடுகிறது. அதுதான் சிக்கலே. நேற்று ஒன்றும் செய்யாமலே நன்றாகத்தான் ஓடியது.

மார்ச் 5, வியாழன்

வந்துவிட்டது. பெரிய சண்டையில் இல்லை, அது முடிந்து லோடிங் ஸ்கிரீன் வந்ததும். கேப்ஸ் லாக் மாறவில்லை.

லாக்கின் கடைசி வரிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சூடு, ஃபேன் வேகம், மின்னழுத்தம் எல்லாம் ஒழுங்கு. கார்டின் பயன்பாடு மட்டும் 99-லிருந்து 4-க்கு இறங்கியிருக்கிறது, அதற்குப் பிறகு வரியே இல்லை. அப்படியானால் சுமை தாங்காமல் நிற்கவில்லை. சுமை சட்டென்று மாறும்போது நிற்கிறது. இது ஒரு துப்பா, இல்லை நானாகத் துப்பு என்று ஆக்கிக்கொள்கிறேனா?

"விடுண்ணா, நாளைக்கு ஆடிக்கலாம்" என்கிறான். 20-க்குள் எத்தனை நாளைதான் இருக்கிறது.

மார்ச் 7, சனி

ராம் மேல் சந்தேகம். மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓட விட்டேன். நடுவில் எழுந்து எழுந்து பார்த்தேன். நான்கு பாஸும் (சுற்றும்) முடிந்தன, பிழை 0. ஒரு பிழையாவது வந்திருக்கக் கூடாதா என்று ஏமாற்றமாக இருந்தது. வந்திருந்தால் அந்த ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

ஆனால் பிழை 0 என்றால் ராம் நிரபராதி என்று ஆகிவிடாது. இந்த டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறது, கேபினெட்டுக்குள் வெக்கை கிடையாது. ராம் பெட்டியில் போட்டிருக்கும் 3600 என்பதும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் கிடைக்கிற வேகம். அது ஒருவகை ஓவர்கிளாக், அதாவது இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ராமுக்கு ஒத்துவந்தாலும் பிராசசரின் மெமரி கன்ட்ரோலருக்கு ஒத்துவர வேண்டும். மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டேன். ஸ்டிக்குகள் இருக்கும் இடத்தையும் பார்த்தேன். பிராசசர் பக்கமிருந்து இரண்டாவதும் நான்காவதும். சரியாகத்தான் இருக்கிறது.

தம்பி அழைத்தான். எடுக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எக்ஸ்எம்பி இல்லாமலும் வந்தது.

மார்ச் 9, திங்கள்

சிஸ்டத்தை ஆன் செய்யவில்லை. தம்பியிடம் தலைவலி என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

கிடைத்துவிட்டது! ஈவென்ட் வியூவரில் சிவப்புக் குறிகளையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு மஞ்சள் எச்சரிக்கை படவே இல்லை. வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஹெச்இஏ-லாகர், ஈவென்ட் 17, கார்டை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட். ஆடிய நாள்களில் எல்லாம் பக்கம் பக்கமாக நிறைந்து கிடக்கிறது. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து, சிதைந்ததை மறுபடி அனுப்பிச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறது. சரிசெய்துவிட்டதால் வெறும் எச்சரிக்கை.

கார்டு இந்தக் கேபினெட்டில் கண்ணாடியைப் பார்த்தபடி நிற்கிறது, அழகுக்காக. அப்படி நிறுத்துவதற்கு, கார்டைப் போர்டோடு இணைக்கும் ஒரு ரைசர் கேபிள். கேபிளின் ஓரத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தலைமுறை என்பதற்கு 3.0 என்று பொடி எழுத்து. கார்டோ 4.0, இரண்டு மடங்கு வேகம். பயாஸில் ஜென் 3 (அதே 3.0) என்று இறக்கி வைத்தாலே போதும் என்கிறார்கள், ஆனால் எனக்கு அந்தக் கேபிளே கண்ணில் படக்கூடாது. பிடுங்கிவிட்டுக் கார்டை நேராக போர்டில் செருகினேன். இரவு முழுக்க ஆடினோம். ஈவென்ட் 17 ஒன்றுகூட இல்லை.

தம்பியிடம் முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

இன்றும் வரவில்லை. மூன்று சாப்டர் மிச்சம்.

மார்ச் 13, வெள்ளி

இன்று உறையவில்லை, அணைந்தது. 'ணா ணா' சத்தம் இல்லை, கேப்ஸ் லாக் சோதனைக்கும் வேலை இல்லை. திரை இருண்டது, ஃபேன்கள் நின்றன, தானாகவே மறுபடி எழுந்தது. இப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

ரைசர் கெட்டது உண்மை. அது மட்டும்தான் கெட்டது என்று யார் சொன்னது? ஒரு பெட்டிக்குள் ஒரே சமயத்தில் இரண்டு கோளாறு இருக்கலாம் என்பதை மனசு ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. இப்போது சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பாகம். கார்டுகள் ஒரு கணம் தங்கள் சராசரியை விட மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும். அந்தக் கணம் மில்லி செகண்டுக் கணக்கில் முடிந்துவிடும். இரண்டு செகண்டுக்கு ஒரு வரி எழுதும் என் லாக்கில் அது எங்கே தெரியப் போகிறது? என் கார்டில் இரண்டு 8-பின் சாக்கெட். இரண்டுக்கும் இரட்டைத் தலை வைத்த ஒரே கேபிளில்தான் மின்சாரம் போகிறது, அசெம்பிள் செய்து தந்தவர் போட்டுவிட்டது. ஒரு தலைக்கு 150 வாட் கணக்கு. மின்சாரம் மொத்தமும் ஒற்றைக் கேபிள் வழியாக.

தம்பிக்கு என்ன சொல்வது.

மார்ச் 14, சனி

நண்பனிடமிருந்து 850 வாட் எஸ்எம்பிஎஸ் இரவல். பழைய கேபிள்கள் அப்படியே இதிலும் பொருந்தின. பொருந்துவதுதான் ஆபத்து. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். மாற்றிச் செருகினால் டிஸ்க் முதல் போர்டு வரை கருகலாம். எல்லாக் கேபிளையும் உருவிவிட்டு அதனுடையதையே போட்டேன். கார்டுக்கு இரண்டு தனித்தனிக் கேபிள். கை நடுங்கியது.

ஓடுகிறது. சரி, எத்தனை நாள் ஓடினால் நம்பலாம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒரு தடவை வருகிறது. கோளாறு அப்படியே இருந்தாலும், தற்செயலாகவே மூன்று நாள் அமைதியாகப் போக 37 சதவீதம் வாய்ப்பு. ஆறு நாளுக்கு 14. ஒன்பது நாள் போனால்தான் 5-க்கு இறங்குகிறது. இன்றிலிருந்து ஒன்பது நாள் என்றால் 23-ஆம் தேதி.

20-க்குப் பிறகு எனக்கு எதற்கு இந்த 23?

மார்ச் 15, ஞாயிறு

வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

வரவில்லை. அதற்காக? 37 சதவீதம்.

மார்ச் 17, செவ்வாய்

திரை கறுத்தது. கை தானாகக் கேப்ஸ் லாக்குக்குப் போனது. விளக்கு மாறியது! இரண்டு மூன்று செகண்டில் டெஸ்க்டாப் வந்துவிட்டது, கேம் மட்டும் போயிருந்தது. ஈவென்ட் 4101. கார்டு இரண்டு செகண்டுக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும், அதுதான் நடந்திருக்கிறது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி அமைப்புகளில் டிடிஆர் டிலேயை, அதாவது அந்த இரண்டு செகண்டைக் கூட்டி வைக்கச் சொல்கிறார்கள். கூட்டினால் காத்திருக்கும் நேரம்தான் கூடும், கோளாறு போகுமா?

இது பழைய நோயா, புதியதா? கார்டேதானா? எரிச்சலாக வருகிறது. தம்பி சிரிக்கிறான். "செத்துட்டு எழுந்துச்சுல்ல, அதுவே முன்னேற்றம்ணா."

மார்ச் 18, புதன்

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டேன். கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் 75 சதவீதம், கேமில் 60 ஃபிரேமுக்கு மேல் போகாதபடி கட்டு, கிராஃபிக்ஸ் எல்லாம் மீடியம். இது வைத்தியம் இல்லை, தெரியும். கடைசி சாப்டர். ஏழு மணிக்கு உட்கார்ந்தோம், இப்போது பத்தரை. அவன் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான், அந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன். சேவ் பாயின்ட் இன்னும் வரவில்லை. கார்டு 61 டிகிரி. வந்துவிட்டான், மிச்சம் அப்புறம்