போர்ட் லூயிஸ் சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் சந்தையில் கீரை விற்ற அம்மாவிடம் ஒரு கட்டைக் காட்டி இது என்னவென்று கேட்டேன். முருங்கைக்கீரை என்று தெரிந்துதான் கேட்டேன், அவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்க. "ப்ரெட் முரூம்" என்றார். பிரெஞ்சிலிருந்து கிளைத்த இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் ப்ரெட் என்றால் கீரை, ரொட்டி இல்லை. பக்கத்திலிருந்த கறிவேப்பிலைக்கு "கரிபுலே". அவர் தமிழ் வம்சம்தான், ஆனால் தமிழ் கோவிலில் காதில் விழுகிற அளவுக்குத்தான் தெரியுமாம். கோவில் எது என்றால் "கைலாசோன்". நம் ரசம் இங்கே "ரசோன்" ஆனது போலத்தான் கைலாசமும்.

மீதியாக வந்த 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்ச வழக்கறிஞர். நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம்தான் இந்தி. 1998-இல் இந்த வரிசையை மாற்றி அச்சடித்தபோது தமிழர்கள் கொதித்துப்போக, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். பேச்சில் மொழி போய்விட்டது, ரோஷம் போகவில்லை!

கரும்பு வெட்ட வந்தவர்கள்தான் இங்குள்ள தமிழர்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். பாதிதான் சரி. டச்சுக்காரர்கள் கைவிட்ட தீவை 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், 1735-இல் வந்த கவர்னர் லா பூர்தொனே காலத்தில் இந்தத் துறைமுக நகரத்தைக் கட்ட புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. 1810-இல் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்தபோது இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களிடம், உங்கள் மொழி, சட்டம், மதம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். 158 வருடம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தும் தெருவில் பிரெஞ்சு வாடைதான் அடிக்கிறது என்றால் அதனால்தான்.

அடிமை முறை 1835-இல் ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே, 1834-லேயே ஒப்பந்தக் கூலிகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது நிற்பதற்குள் நாலரை லட்சம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பீகார் பக்கத்து ஆட்கள் அதிகம், மதராஸில் கப்பலேறியவர்களும் கணிசம்.

அவர்கள் கரையேறிய ஆப்பிரவாசி காட் சந்தையிலிருந்து நடக்கிற தூரம்தான். பழைய பெயர் கூலி காட், காட் என்றால் படித்துறை. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே என்று பெரிதாக எதிர்பார்த்துப் போனால், கருங்கல்லில் 16 படிகள், மருத்துவமனைப் பகுதியின் மிச்சம், கழிப்பறைச் சுவர்கள், அவ்வளவுதான். வந்தவர்களைத் தங்கவைத்த கூடத்தின் பெரும்பகுதி போய்விட்டது, அதன் குறுக்கே நெடுஞ்சாலை ஓடுகிறது. அந்தப் படிகளை ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன், நம் ஊர்க் குளத்துப் படித்துறை போலத்தான் இருந்தது. இறங்கியவர்களை இங்கேதான் இரண்டு நாள் வைத்து எண் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் சமைக்க வழியில்லை என்பது உறைத்தது. கீரைக்கட்டை வரவேற்பறைப் பெண்ணிடம் நீட்டினேன். "ஆ, முரூம்!" என்று வாங்கிக்கொண்டார்.