சிகரெட்டைக் கைவிட டிஎம்எஸ்: உள்ளே என்ன நடக்கிறது

டிஎம்எஸ், அதாவது தலைக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் சிகிச்சை என்றதும், ஷாக் கொடுப்பார்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, இது காந்தத் துடிப்பு. மயக்க ஊசி கிடையாது, விழித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்போம். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகமோ, கேட்பதற்காகக் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்டோ இருக்கிறதா என்று முதலிலேயே துருவித் துருவிக் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் துடிப்பு கொடுக்கும் ஹெல்மெட். அதை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்தார்கள், திடீரென்று என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது! நான் அசைக்கவே இல்லை. விரலைத் துள்ளவைத்த அந்த அளவை வைத்து, அதில் 120 சதவீதம் என்று எனக்கான துடிப்பின் வலிமையை முடிவு செய்தார்கள்.

எனக்கு வினோதமாக இருந்தது அதற்கடுத்த பகுதிதான். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் நம் ஆசையை வேண்டுமென்றே கிளறிவிடுகிறார்கள். எப்போது கை பரபரக்கும், சாப்பிட்டதுமா, யாரோடாவது சண்டை போட்டதுமா என்று நினைக்கச் சொல்லி, சிகரெட் பற்றவைக்கும் படங்களையும் காட்டுவார்கள். விடுவதற்கு வந்தவனுக்கு இது என்ன கொடுமை என்று எரிச்சலாக வந்தது. ஆசை எழும் பாதை விழித்திருக்கும்போது துடிப்பு கொடுத்தால்தான் பலன் என்பது கணக்காம். மூளைக்குள் இன்சுலா என்ற பகுதி சேதமடைந்த சிலருக்குப் புகைக்கும் ஆசையே அற்றுப்போனதாக 2007-ல் ஓர் ஆய்வு வந்தது, இந்த ஹெல்மெட் குறிவைப்பது அதையும் மூளையின் முன்பகுதியையும்தான்.

3 விநாடி படபடவென்று அடிக்கும், 15 விநாடி இடைவெளி, இப்படியே 18 நிமிடம். பொட்டில் யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கும், தாடை இழுக்கும், காதடைப்பான் இல்லாமல் உட்காரவே முடியாது. முதல் சில நாள் தலைவலி இருந்தது, பிறகு பழகிவிட்டது.

வாரத்துக்கு 5 நாள் வீதம் 3 வாரம், அப்புறம் வாரம் ஒருமுறை இன்னொரு 3 வாரம். ஆசை ஒரே நாளில் போகவில்லை, அதன் பிடி தளர்ந்தது, ஆனால் கை மட்டும் பழக்கத்தில் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. 262 பேரை வைத்து நடந்த சோதனையில் சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில் 28% பேரும், போலித் துடிப்பை முழுதாக வாங்கி முடித்தவர்களில் 11.7% பேரும் தொடர்ந்து புகைக்காமல் இருந்தார்கள். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2020-ல் அனுமதித்ததும் குறுகிய கால உதவியாகத்தான். மந்திரம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஆனால் நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம் எல்லாம் பலன் தராதவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை என்று ஆகும் கட்டம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதற்குள் லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள்.