விடுதி போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்த அனுபவம்

எங்கள் கல்லூரி விடுதியில் மழைக்காலம் வந்தாலே யாராவது வயிற்றுப்போக்கென்று படுத்துவிடுவார்கள். பழி மெஸ் சாப்பாட்டின் மேல் விழும். எனக்கு போர் தண்ணீர் மேல்தான் சந்தேகம். நுண்ணுயிரியல் பாடம் நடத்திக்கொண்டு இதைப் பார்த்தும் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நிர்வாகத்தில் கேட்டால், "டி.டி.எஸ். பார்த்தாச்சு சார், நல்ல தண்ணிதான்" என்றார்கள். டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. இதைப் புரியவைப்பதற்குத்தான் ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது.

அனுமதி கிடைத்ததும் போர் வாய், மேல்நிலைத் தொட்டி, சாப்பாட்டுக்கூடக் குழாய் மூன்றிலும் தனித்தனியாக சாம்பிள் எடுத்தோம். அப்போதுதான் அழுக்கு எங்கே சேர்கிறது என்று பிடிபடும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி இரும்புக் குழாயின் வாயைச் சுட்டு, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம்தான் கிருமி நீக்கிய பாட்டிலைத் திறக்க வேண்டும். மூடியைக் கீழே வைக்கவோ அதன் உட்புறத்தைத் தொடவோ கூடாது. கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அன்றே கொடுத்தோம். கட்டணம் கட்டினால் வெளியார் சாம்பிளையும் பரிசோதித்துத் தருகிறார்கள்.

எங்கள் ஆய்வகத்திலும் மாணவர்களை வைத்து, குடல் கிருமிகளை வளர்த்துக் காட்டும் மக்கான்கி திரவத்தில் போட்டுப் பார்த்தோம். 37 டிகிரியில் வைத்து மறுநாள் எடுத்தபோது, ஊதா நிறக் குழாய்கள் பல மஞ்சளாகி, உள்ளே கவிழ்த்திருந்த சின்னக் குழாயில் வாயுக் குமிழி நின்றது. தண்ணீரில் அந்தக் கிருமிகள் இருக்கலாம் என்பதற்கு அதுதான் அறிகுறி. அதைப் பார்த்த ஒரு மாணவி, "இதையா சார் குடிச்சிட்டிருந்தோம்?" என்றாள். வாரியத்தின் அறிக்கையும் அதையே சொன்னது. போர் வாயிலேயே ஈ.கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியா, இருந்தது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி 100 மில்லி தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

போய்ப் பார்த்தால், மண் சரியாமல் இருக்க போருக்குள் இறக்கும் கேசிங் பைப்பின் வாய் தரைமட்டத்தில் இருக்கிறது, சுற்றிலும் சிமெண்ட் வெடித்திருக்கிறது, பக்கத்திலேயே சமையல்கட்டுக் கழிவுநீர் தேங்கி நிற்கிறது. எங்கள் பகுதி கடினப் பாறை. கேசிங் மேலடுக்கு மண்ணோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே வெறும் பாறைத் துளைதான். வெடிப்பு வழியாக இறங்கும் அழுக்கு மணலில் வடிகட்டப்படுவதுபோல வடிகட்டப்படாது. ஆழமான போர் என்பதால் சுத்தமான தண்ணீர் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

கேசிங்கை ஒன்றரை அடி உயர்த்தி மூடி போட்டு, வெளிப்பக்கம் சரிவாக சிமெண்ட் மேடை கட்டி, கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலைப் போருக்குள் ஊற்றி ஒரு இரவு விட்டு, வாடை போகும்வரை இறைத்தோம். அடுத்த அறிக்கையில் ஈ.கோலை இல்லை.

இப்போது தொட்டியில் 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் நல்ல பவுடர் கரைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் திறக்கிறோம். கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று மாணவர்களே குளோரோஸ்கோப் என்ற குளோரின் அளக்கும் கருவியில் பார்த்து எழுதிவைக்கிறார்கள். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால் சின்னப் பொட்டலமாகவே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு போர் செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் குடிக்கப் பயன்படுத்துவதை நிறுத்தியாயிற்று. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் எல்லாக் குழாயிலும் மறுபடி சாம்பிள் எடுக்கப் போகிறோம்.