பைரேட்ஸின் பழைய ஆட்டங்களும் என் ஸ்கோர்ஷீட்டும்: இதுவரை

முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு எதற்கு ஸ்கோர் எழுதுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் பேர்போன ஆட்டங்களை எடுத்து, முதல் பேட்டரிலிருந்து கடைசி அவுட் வரை பென்சிலால் எழுதி வருகிறேன். பேர்போன ஆட்டம் என்றாலே எல்லோருக்கும் அதில் ஒரே ஒரு அடிதான் நினைவிருக்கும். அந்த அடிக்கு முன்னால் யார் யார் என்ன செய்து வைத்தார்கள் என்பது கட்டம் கட்டமாக எழுதும்போதுதான் பிடிபடுகிறது.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் ஸ்கோர்புக் எழுதிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடும். பேட்டருக்கு ஒரு வரிசை, இன்னிங்ஸுக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் சின்னதாக ஒரு டைமண்ட். ஆள் பேஸ் பேஸாக நகர நகரக் கோடு போட வேண்டும், ரன் வந்தால் டைமண்டை நிரப்ப வேண்டும். பீல்டர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்குக் கொடுத்து அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3, அவ்வளவுதான். ஒவ்வொரு பேட்டரும் என்ன செய்தார் என்ற விவரம் பெரும்பாலும் ரெட்ரோஷீட்டில் கிடைக்கிறது. பழைய ஆட்டங்களின் விவரங்களைத் தன்னார்வலர்கள் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. புண்ணியவான்கள்.

முதலில் எடுத்தது 1960 உலகத் தொடரின், அதாவது மேஜர் லீக் பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியின், ஏழாவது ஆட்டம். அக்டோபர் 13, ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம், எதிரே நியூயார்க் யாங்கீஸ். இதற்கு முழுப் படமே இருக்கிறது. அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பாடகர் பிங் கிராஸ்பி, தான் பார்த்தால் அணி தோற்றுவிடும் என்ற பயத்தில் பாரிஸுக்குப் போய்விட்டு, ஆட்டத்தைப் படமெடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அந்தச் சுருள்கள் அவர் வீட்டு ஒயின் அறையில் கிடந்து, 2009 கடைசியில்தான் கண்டெடுக்கப்பட்டன.

ஊர் நினைவில் வைத்திருப்பது பில் மாஸரோஸ்கியின் ஹோம் ரன். ஒன்பதாவது இன்னிங்ஸ், முதல் ஆள், இரண்டாவது பந்து, இடது பக்கச் சுவரைத் தாண்டியது, 10-9. ஷீட்டில் அது ஒரே ஒரு கட்டம். எட்டாவது இன்னிங்ஸ் பத்திதான் எழுதி எழுதிக் கறுத்துப் போயிருக்கிறது.

அப்போது யாங்கீஸ் 7-4 முன்னிலை. சிமோலி ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை கொண்டுபோகும் அடி). அடுத்து பில் விர்டன் தரையோடு அடித்த பந்து நேரே ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது. 6-4-3 எழுத வேண்டிய கட்டம். பந்து எதன் மேலோ பட்டு எகிறி டோனி க்யூபெக்கின் தொண்டையில் அடித்துவிட, அவர் சுருண்டு விழுந்தார், இருவருமே தப்பினார்கள். க்ரோட் சிங்கிள், 7-5. ஸ்கின்னர் பன்ட் செய்து (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி) இருவரையும் நகர்த்தினார். நெல்சன் அடித்தது 9-இன் கையில், இரண்டு அவுட். பிறகு ராபர்டோ கிளெமென்டே. மெதுவாக உருண்ட பந்தை முதல் பேஸ்காரர் எடுத்துவிட்டார், ஆனால் பேஸுக்கு ஓடி வந்திருக்க வேண்டிய பிட்சர் கோட்ஸ் வந்து சேரவில்லை. 3-1 என்று எழுதி இன்னிங்ஸை மூடியிருக்கலாம். எழுதுவதோ சிங்கிள், 7-6. அடுத்த ஆள் ஹால் ஸ்மித், மூன்று ரன் ஹோமர், 9-7. மாஸரோஸ்கிக்குச் சிலை வைத்தது சரிதான், ஆனால் என் ஷீட்டைக் கேட்டால் அந்த நாளின் பெரிய அடி ஸ்மித்துடையது.

ஒன்பதாவதின் மேல் பாதியில் யாங்கீஸ் சமன் செய்தார்கள். இங்கே ஷீட்டின் மேல் எனக்கு ஒரு வருத்தம். பெர்ரா அடித்த பந்தை பைரேட்ஸின் முதல் பேஸ்காரர் நெல்சன் எடுத்து முதல் பேஸை மிதித்துவிட்டார். முதல் பேஸில் இருந்த மாண்டில் இரண்டாவதுக்கு ஓடாமல், குப்புற விழுந்து, நெல்சனின் கைக்குத் தப்பி முதல் பேஸையே தொட்டார். அதற்குள் மூன்றாம் பேஸிலிருந்தவர் ஓடி வந்து ரன் சேர்த்துவிட்டார். அவ்வளவு சாமர்த்தியமும் ஷீட்டில் வெறும் ‘3’. இதற்காகவே இப்போது வலது ஓரத்தில் குறிப்புக்கு இடம் விட்டுக் கோடு போடுகிறேன்.

இன்னொன்றும் ஷீட்டை முடித்துவிட்டுப் பார்த்தால்தான் கண்ணில் படும். 19 ரன் வந்த ஆட்டத்தில் ஸ்ட்ரைக் அவுட்டைக் குறிக்கும் ‘கே’ ஒன்றுகூட இல்லை. உலகத் தொடர் சரித்திரத்தில் இப்படி வேறு ஆட்டம் கிடையாது.

அன்று வெற்றி பெற்ற பிட்சராகப் பதிவானவர் ஹார்வி ஹாடிக்ஸ். சரி, அடுத்தது அவருடைய ஆட்டமே என்று 1959 மே 26-க்குப் போனேன். மில்வாக்கி பிரேவ்ஸுக்கு எதிராக 12 இன்னிங்ஸ், 36 பேர், ஒருவரும் முதல் பேஸை எட்டவில்லை. வழக்கமான தாளில் இத்தனை பத்திகள் இல்லாததால் இரண்டு தாளை ஒட்ட வேண்டியிருந்தது. இன்னிங்ஸுக்கு மூன்று கட்டம் என்று படிக்கட்டு போல இறங்கி, மீண்டும் மேலே போய், நான்கு முறை அதே படிக்கட்டு. இவ்வளவு சுத்தமான ஷீட்டை நான் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கத்தில் பைரேட்ஸ் 12 ஹிட் (அடித்துப் பேஸை எட்டுவது) அடித்தும் ரன் இல்லை. பிரேவ்ஸின் பிட்சர் லூ பர்டெட் 13 இன்னிங்ஸும் வீசினார்.

பதின்மூன்றாவதில் மூன்றாம் பேஸ்காரர் ஹோக் எறிந்தது தவறி மான்டியா பிழைத்தார். மேத்யூஸ் பன்ட், ஹாங்க் ஆரோனுக்கு வேண்டுமென்றே வாக் (அடிக்க விடாமல் முதல் பேஸைச் சும்மா கொடுப்பது), பிறகு ஜோ அட்காக் அடித்தது வேலியைத் தாண்டியது. அதிலும் சிக்கல்: ஆட்டம் முடிந்தது என்று ஆரோன் பாதியில் ஓட்டத்தை விட்டுவிட, அட்காக் அவரைத் தாண்டிப் போய்விட்டார். கடைசியில் ஹோம் ரன் டபுள் (இரண்டு பேஸ் அடி) ஆகி, ஸ்கோர் 1-0 என்று முடிவானது. ஒரே கட்டத்தில் இத்தனை அழிப்பு இதுவரை இல்லை. போதாததற்கு, 1991-இல் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) என்பதற்கான வரையறையை இறுக்கியபோது இந்த ஆட்டம் அந்தப் பட்டியலிலிருந்தும் போய்விட்டது. அநியாயம்தான்.

மற்றவை விறுவிறுவென்று முடிந்தன. 1971 செப்டம்பர் 1, பிலடெல்பியாவுக்கு எதிராக: ஸ்டெனட், கிளைன்ஸ், கிளெமென்டே, ஸ்டார்ஜெல், சாங்கியன், கேஷ், ஆலிவர், ஹெர்னாண்டஸ், எல்லிஸ். மேஜர் லீக்கில் ஒன்பது பேரும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வீரர்களாக இறங்கிய முதல் நாள். இந்த ஷீட்டில் முக்கியமானது இடது ஓரத்துப் பெயர் வரிசைதான், கட்டங்கள் அல்ல. 1972 செப்டம்பர் 30-இல் கிளெமென்டேயின் 3,000-ஆவது ஹிட்டை, நான்காவது இன்னிங்ஸ் டபுளை, மட்டும் எழுதினேன். பிளேஆஃபைத் தவிர, அதற்கப்புறம் அவர் மட்டை பிடிக்கவில்லை. நிகராகுவா பூகம்பத்துக்கு உதவிப் பொருளோடு அவர் ஏறிப் போன விமானம் டிசம்பர் 31 அன்று கடலில் விழுந்து அவர் இறந்தார். கணக்கு சரியாக 3,000-இல் நிற்கிறது.

கையில் இருப்பது 1975 செப்டம்பர் 16. ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் சிகாகோ கப்ஸ் அணியை 22-0 என்று நொறுக்கிய நாள், ரென்னி ஸ்டெனட் ஏழுக்கு ஏழு ஹிட். முதல் இன்னிங்ஸிலேயே 9 ரன், பேட்டிங் வரிசை ஒரு சுற்று முடிந்து திரும்பி வந்துவிட்டதால் ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டு பத்தி போகிறது. ஐந்தாவதிலும் அதே கதை. பத்தித் தலைப்புகளை அழித்து எண்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து 1979 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். 39 வயது ஸ்டார்ஜெலின் நான்கு ஹிட்டை எழுத ஆசைதான். ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும் பால்டிமோர் ஐந்து பிட்சர்களை இறக்கியிருக்கிறது. என் தாளில் பிட்சர்களுக்கு விட்டிருக்கும் இடம் அதில் பாதிக்குக்கூடக் காணாது. கீழே ஒரு பட்டையைக் கூட்டிப் புதிதாக அச்செடுக்க வேண்டும்.