பலகாரம் சுட்டுக்கொண்டே பிஞ்ச் ஈட்டிங்குக்குச் சிகிச்சை எடுத்தேன்

பலகாரம் சுட்டு விற்பதுதான் எங்கள் தொழில். காரைக்குடி செக்காலைப் பக்கம் வீடு. மார்கழி நெருங்கினால் பிள்ளையார் நோன்பு ஆர்டர், தை பிறந்தால் கல்யாண ஆர்டர், இடையில் சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு டின் டின்னாக மனகோலமும் தேன்குழலும். இந்தத் தொழிலை விடாமலே பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டருக்கு, அதாவது கட்டுமீறிச் சாப்பிடும் நோய்க்கு, மதுரையில் குழு சிகிச்சை எடுத்தேன். உடல் எடையையும் அதே குழுவில்தான் பார்த்தார்கள். இப்படி ஒரு வழி இருப்பதே இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

பசியே இல்லாமல், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அளவு மீறிச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, பிறர் கண்ணில் படாமல் சாப்பிடுவது, முடிந்ததும் தன் மேலேயே வெறுப்பு வருவது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, 3 மாதம் இப்படி நடந்தால் அது நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-ல் இதைத் தனி நோயாகவே சேர்த்தது. எனக்கு இரவில்தான் வரும். எல்லாரும் படுத்த பிறகு, சாமான் அறையில் பாக்கிங்குக்கு வைத்திருக்கும் டின்னில் கை போகும். மறுநாள் பகல் முழுக்கப் பட்டினி கிடப்பேன். இரவு மறுபடியும் அதே கதை.

எடை குறைக்க என்று முதலில் போன இடத்தில் ஒரு டயட் சீட்டு கொடுத்தார்கள். இனிப்பு கூடாது, ராத்திரிச் சாப்பாடு கூடாது, 'மனசு வச்சா முடியும்மா'. ராத்திரி என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சீட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த நாட்களில்தான் இரவு ரொம்ப மோசமாக இருந்தது. ஏன் என்று குரூப்பின் தொடக்கத்திலேயே உளவியலாளர் போர்டில் வரைந்து காட்டினார். கடும் டயட், அதனால் பசி, பசியால் கட்டுமீறல், அதனால் குற்ற உணர்வு, அதைச் சரிக்கட்ட இன்னும் கடும் டயட். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷம் என் மனஉறுதியைக் குறை சொல்லியிருக்கிறார்கள்!

சேர்வதற்கு முன் மனநல மருத்துவர் தனியாகப் பேசினார். சர்க்கரை, தைராய்டு, பிரஷர் பார்த்தார்கள். சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே பாதிக்கப்படலாம் என்பதால் அவர்களுக்கு அந்தப் பரிசோதனை கட்டாயம். வாரம் ஒரு நாள், திருப்பத்தூர், மேலூர் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். குரூப்பில் உளவியலாளரும் டயட்டீஷியனும் சேர்ந்தே உட்காருவார்கள். ஆஸ்திரேலியாவில் பிலிப்பா ஹே போன்ற ஆய்வாளர்கள் உணவுக் கோளாறு சிகிச்சையையும் எடைக் குறைப்பையும் இணைத்து ஒரு குழு சிகிச்சையை உருவாக்கியதையும், பிரேசிலில் அதைச் சோதித்துப் பார்த்ததையும் சொன்னார்கள். எடை இறங்குவதில் அது உணவுக் கோளாறுக்கான வழக்கமான சிபிடி சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) மிஞ்சவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆரம்பத்தில் எடை குறைப்பு என்ற பேச்சே கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று தடவை சிற்றுண்டி, எந்த இடைவெளியும் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முதல் நாள் ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலை இட்லியைத் தவிர்க்கக் கூடாது. எனக்கு இதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது, பலன் கொடுத்ததும் இதுதான். அப்புறம் ஒரு நோட்டு: நேரம், இடம், என்ன சாப்பிட்டேன், அப்போது மனதில் என்ன ஓடியது. சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும், மறுநாள் யோசித்து எழுதினால் பிரயோஜனமில்லை. எடை மெஷினில் வாரத்துக்கு ஒரு முறைதான் ஏற வேண்டும்.

ஒருநாள் அவரவர் பயப்படும் உணவைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் கந்தரப்பம் கொண்டுபோனேன். சுட்டு எடுத்ததும் நான் அதை உட்கார்ந்து தின்றதே இல்லை, நின்றபடிதான், அவசரமாக. அன்று தட்டில் ஒன்றை வைத்து, பசி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டோம். ஓரத்து மொறுமொறுப்பு, உள்ளே வெல்லம், ஏலக்காய். பாதியிலேயே போதும் என்று தோன்றியது. நானே சுட்ட பலகாரத்தில் 'போதும்' என்ற உணர்வு எனக்கு வந்ததை நம்பவே முடியவில்லை. பக்கத்தில் இருந்த கல்லூரித் தம்பி, "அக்கா, மீதியை நான் எடுத்துக்கலாமா?" என்றான். பரோட்டா கொண்டுவந்துவிட்டு அதைத் தொடவே தயங்கிக்கொண்டிருந்த பையன் அவன்.

எங்கள் ஊர் உபசாரத்துக்கும் ஒத்திகை பார்த்தோம். கல்யாண வீட்டில் இலையில் கை மறித்தாலும் விடமாட்டார்கள். "ரொம்ப நல்லா இருக்கு ஆச்சி, வயிறு நிறைஞ்சிருச்சு, அப்புறமா வாங்கிக்கிறேன்" என்று சிரித்த முகமாக, காரணம் சொல்லாமல் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அங்கேயே வாதம் தொடங்கிவிடும். தேவகோட்டையில் ஒரு சாந்திக் கல்யாணத்தில் சொல்லிப் பார்த்தேன். ஆச்சி இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்கள்.

இரவுகள் ஓரளவு அடங்கிய பிறகுதான் எடைப் பக்கம் வந்தார்கள். தட்டில் பாதி காய்கறி, தினமும் நடை, தூக்கம். கவுனி அரிசியைப் பலர் டயட் சாப்பாடாகவே நினைக்கிறார்கள், சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டபின் அது இனிப்புதான். அதை இனிப்பாகவே நினைத்து ரசித்துச் சாப்பிடலாம் என்றார் டயட்டீஷியன். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நல்லது என்பதால் அதற்கு மேல் யாரும் எங்களை விரட்டவில்லை. எனக்கு மெதுவாகத்தான் இறங்கியது. எத்தனை கிலோ என்று எழுதமாட்டேன். யாரும் யாரோடும் ஒப்பிடக் கூடாது என்பதற்காக கிலோ கணக்கைப் பேசாமல் இருப்பது எங்கள் குரூப் விதி, சரியான விதி.

நோன்பு ஆர்டர் சமயத்தில் பிரச்சினை மறுபடி தலைகாட்டியது. இரவு ஒரு மணி வரை அடுப்படி, சரியான சாப்பாடு இல்லை. குரூப்பில் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பாக்கிங்கைப் பகலுக்கு மாற்றுவது, எட்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவது என்று சேர்ந்தே திட்டம் போட்டோம். சாமான் அறைச் சாவி இப்போது என்னிடமேதான் இருக்கிறது.

யாருக்காவது இது தேவைப்பட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். எங்கே போனாலும், எடையைச் சொல்வதற்கு முன்னால் ராத்திரி நடப்பதைச் சொல்லுங்கள்.